வென்றவர் அல்லர் நேன் ஷெப்பர்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்ற நூல்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை என் மனைவிதான் முதலில் உரக்க வாசித்தாள். ‘நான் ஷெப்பர்ட் மலைகளை வென்ற வீராங்கனை’ என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டு, “கட்டுரை எழுதியவர் தன்னைத்தானே இப்படிப் புகழ்ந்துகொள்கிறாரே!” என்றாள். ஸ்காட்லாந்து எழுத்தாளரான அந்த அம்மையாரின் பெயரை ‘நேன்’ என்று அச்சிட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. பெயர் கிடக்கட்டும். அதே வரியில் உள்ள ‘வென்ற’ என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் தங்கி, வடகடல் எண்ணெய் மேடைகளில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இரண்டு வாரம் கடல், மூன்று வாரம் கரை. 2016இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து புதிய ஐந்து பவுண்டு நோட்டை வெளியிட்டது. மீன்கடையில் மிச்சப் பணமாக வந்த அந்த நோட்டில்தான் நேன் ஷெப்பர்டின் முகத்தை முதன்முதலில் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு கானாங்கெளுத்தி மீன்கள். மீன் வாங்கப் போன இடத்தில் மிச்சமும் மீனாகவே கிடைத்தது என்று சிரித்துக்கொண்டேன். நோட்டுப் படத்தில் அவர் நெற்றியில் இருப்பதை உங்கள் கட்டுரையாளர் ‘நெற்றிச்சுட்டி’ என்கிறார். அது புகைப்பட நிலையத்தில் கிடந்த ஒரு துண்டு ஃபிலிம். இளம்பெண்ணாகப் படம் எடுக்கப் போனவர் அதை எடுத்து விளையாட்டாகத் தலையில் சுற்றி, நடுவில் ஓர் அலங்கார ஊசியைக் குத்திக்கொண்டார். ஆளின் குணம் அந்தப் படத்திலேயே தெரிகிறது.

உடன் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் என்னைக் கெய்ர்ன்கார்ம் மலைத்தொடருக்கு அழைத்துப் போனார். இலக்கு பென் மெக்டூயி, 1,309 மீட்டர், பிரிட்டனின் இரண்டாவது உயரமான மலை. உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. அவர் பேசாமல் திரும்பி நடந்தார். இவ்வளவு தூரம் வந்து வீணாகிவிட்டதே என்று இறங்கும் வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். மறுவாரம் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மலைத்தொடரைப் பற்றி நேன் ஷெப்பர்ட் எழுதிய ‘தி லிவிங் மவுண்டன்’.

இந்நூல் ‘போர் முடிந்த கையோடு வெளிவந்தது’ என்கிறது உங்கள் கட்டுரை. எழுதப்பட்டது இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில்தான். ஆனால் கையெழுத்துப் பிரதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேசை இழுப்பறையில் கிடந்தது. 1977இல் அச்சேறியபோது அவருக்கு வயது 84. 1928க்கும் 1933க்கும் இடையில் மூன்று நாவல்களை எழுதியவர், 1956 வரை அபர்தீனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவர் அவர். அந்த நாவல்களைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போவதும் சரியில்லை. முதல் நாவலான ‘தி குவாரி வுட்’டின் உரையாடல்கள் அந்த வட்டார வழக்கில் இருப்பதால் எனக்குப் பாதி புரியவில்லை. மூடுபனியில் திரும்பி நடந்த அதே நண்பர்தான் உட்கார்ந்து பொருள் சொன்னார்.

இளமையில் தானும் உச்சிகளுக்காகவே பறந்ததாக ‘தி லிவிங் மவுண்டன்’ நூலில் நேன் ஷெப்பர்டே ஒப்புக்கொள்கிறார். பிறகு அந்தப் பித்து விட்டுப்போயிற்று. வேலை எதுவும் இல்லாமல் நண்பர் வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவோமே, அப்படித்தான் அவர் மலைக்குப் போய்வந்தார். தண்ணீருக்கு ஓர் அத்தியாயம், உறைபனிக்கு ஒன்று, செடிகளுக்கு ஒன்று, மலைமேல் படுத்துத் தூங்குவதற்கும் ஒன்று. தூக்கத்துக்கு அத்தியாயம் ஒதுக்கியவரைப் பிடித்து வெற்றிவீரர்கள் வரிசையில் நிறுத்தினால் எப்படி?

அடுத்த கோடையில் உச்சியை மறந்துவிட்டு, அவர் எழுதியிருக்கும் லாக் ஆவன் ஏரிக்குப் போனோம். ‘ஆன்’ என்றுதான் அங்கே சொல்கிறார்கள். தெளிந்த நீரில் நடந்து போனவர், அடுத்த அடியில் தரை செங்குத்தாக ஆழத்தில் இறங்குவதைக் கண்டு திகைத்து நின்ற இடம் அது. நான் முழங்கால் வரைதான் இறங்கினேன். குளிர் எலும்பைப் பிடித்தது. கால் விரல் நகங்கள் ஒவ்வொன்றும் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் தெரிந்தன. பிறகு அவர் சொன்னபடியே மலைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்தேன். பாறைகள் வானத்திலிருந்து தொங்கின. அப்படியே இடுப்பும் பிடித்துக்கொண்டது. நிமிர்த்திவிட நண்பர் வர வேண்டியிருந்தது.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தால்தான் தெரிந்தது. அபர்தீன் துறைமுகம் இருப்பது டீ ஆற்றின் முகத்துவாரத்தில். எங்கள் மேடைகளுக்குச் சாமான் ஏற்றிய கப்பல்கள் புறப்படுவதும் அங்கிருந்துதான். அந்த ஆறு இதே மலைத்தொடரில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், ப்ரேரியாக் மலையின் மொட்டைப் பரப்பில் ஊற்றாகக் கசிந்து கிளம்புகிறது. ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றியதில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு வெளிவரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ‘வென்றார்’ வரும் இடங்களில் ‘ஏறினார்’ என்று போட்டாலே போதும். 1977 என்ற திருத்தத்தையும் வெளியிடுங்கள். அந்த ஐந்து பவுண்டு நோட்டைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன். படம் வேண்டுமானால் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
நாகர்கோவில்.