ஹைட்ராலிக் கிளட்ச்: கழற்றும் முன் அளந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்டியில் ராடு அல்லது கேபிள் கிளட்சை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் இயங்கும்) கிளட்ச் பொருத்தியவர்கள் பலர், "பெடல் லேசாகிவிட்டது, ஆனால் கியர் விழ மாட்டேன் என்கிறது" என்கிறார்கள். பழி ஹைட்ராலிக் மேல் போகிறது. கோளாறு பெரும்பாலும் சிலிண்டர் அளவில்தான்.

பழைய லிங்கேஜை (பெடலைக் கிளட்சோடு இணைக்கும் ராடு அல்லது கேபிள் அமைப்பை) கழற்றும் முன்பே, ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, ஃபோர்க்கின் (கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலின்) நுனி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட வேண்டும். லிங்கேஜ் மூட்டுகளில் தேய்ந்த புஷ்களை மாற்றிய பிறகு அளந்தால்தான் கணக்கு சரிவரும். புஷ் மாற்றியதுமே குறை தீர்ந்துவிட்டால் ஹைட்ராலிக்கே தேவையில்லை.

ஃபோர்க்குக்கு 20 மி.மீ. தேவை என்று வைத்துக்கொள்வோம். பெடல் 150 மி.மீ. இறங்கி, நெம்பு விகிதம் 5:1 ஆக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் தள்ளும் சிலிண்டரின்) புஷ்ராடு 30 மி.மீ. உள்ளே போகும். மாஸ்டரின் உள்விட்டம் 3/4 அங்குலம், ஸ்லேவின் (ஃபோர்க்கைத் தள்ளும் சிலிண்டரின்) உள்விட்டம் 7/8 அங்குலம் என்றால் ஸ்லேவ் 22 மி.மீ. தள்ளும், போதும். அதே மாஸ்டருக்கு 1 அங்குல ஸ்லேவ் போட்டால் மிதிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் தள்ளுவது 17 மி.மீ.தான். கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வரும்.

ஸ்லேவ் பிராக்கெட்டை பெல் ஹவுசிங்கில்தான் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டில்தான்) போல்ட் செய்ய வேண்டும். சேசிஸில் வைத்தால் இன்ஜின் மவுண்டில் அசையும்போதெல்லாம் இடைவெளி மாறி, வண்டி கிளம்பும்போது உதறும். மாஸ்டர் உட்காரும் ஃபயர்வால் தகடு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) மெல்லியது. அதன் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு கொடுக்காவிட்டால், மிதிக்கும்போது அது வளைந்து ஸ்ட்ரோக்கை (புஷ்ராடு நகரும் தூரத்தை) தின்றுவிடும். புஷ்ராடு சாய்ந்து தள்ளினால் சீல் ஒருபக்கமாகத் தேயும்.

டிரம் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரைக் கிளட்சுக்கு எடுத்துப் போடுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பைப் இணையும் வாயில் சிறு வால்வு ஒன்று இருக்கலாம். லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பது அதன் வேலை. அதை எடுக்காவிட்டால் பெடலை விட்ட பிறகும், ஃபோர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங் கிளட்சை அழுத்திக்கொண்டே இருக்கும். புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி விடாவிட்டாலும் இதே கதிதான்: ஆயில் டேங்குக்குத் திரும்ப வழியில்லாமல், சூடேறி விரிந்து, கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

பழைய பெடலில் மிதிப்பதை லேசாக்கும் உதவி ஸ்பிரிங் இருந்தால் கழற்றிவிடுங்கள்; இல்லையென்றால் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் ரிலீஸ் பேரிங் உள்ள வண்டியில் ஃபோர்க்கின் ரிட்டர்ன் ஸ்பிரிங்கை விட்டுவைக்க வேண்டும். அந்தப் பேரிங் சதா உரசினால் சீக்கிரம் கரைந்துவிடும்.

ஏர் எடுக்கும் நிப்பிள் ஸ்லேவின் உச்சியில் இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் எத்தனை முறை மிதித்தாலும் காற்று போகாது; ஸ்லேவைக் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி தூக்கிப் பிடித்து, பிஸ்டன் வெளியே வராமல் அமுக்கிக்கொண்டு எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாகன மெக்கானிக்