வானம் தெளிவு, காற்று அமைதியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வியாழனோ சனியோ பூமியை நெருங்கும் நாட்களில் வரும் செய்திகள், ‘மேகம் இல்லாவிட்டால் தொலைநோக்கியில் நன்றாகத் தெரியும்’ என்று முடிந்துவிடுகின்றன. சென்னையில் மேகமே இல்லாத இரவிலும் வியாழனின் பட்டைகள் கலங்கிப்போவது உண்டு. புழுக்கமும் மங்கலுமான இரவில் அவை கோடு போட்டதுபோல் நிற்பதும் உண்டு. காற்றின் அமைதி வேறு, வானத்தின் தெளிவு வேறு. இரண்டையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

காற்றின் அமைதிக்கு, 1 முதல் 5 வரை எண் தரும் அன்டோனியாடி அளவுகோல் போதும். 1 என்றால் பிம்பம் துளியும் நடுங்காது. 2 என்றால் லேசான நடுக்கம், நடுநடுவே சில விநாடி அமைதி. 5 என்றால் உத்தேசமாகப் படம் வரையக்கூட முடியாது. அதே அமைதியை அளக்கும் பிக்கரிங் அளவுகோலிலோ 10தான் சிறந்தது, 1 மோசம். எனவே அளவுகோலின் பெயர் இல்லாத வெறும் எண்ணால் பயனில்லை.

மதிப்பிடும் முன் தொலைநோக்கியை ஒரு மணி நேரமாவது வெளியில் வைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் ஆடியில் ஈரம் படியும். துடைக்காமல் மூடியே வையுங்கள். பிறகு அடிவானத்திலிருந்து 60 பாகைக்கு மேல் நிற்கும் ஒரு விண்மீனை, 20 செ.மீ. கருவியானால் 200 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, குவியத்தைச் சற்றே விலக்குங்கள். அலைகள் ஒரே திசையில் விரைந்தால் அது மேல்காற்றின் வேலை. புகைபோல் மெல்லச் சுருண்டால் குழாய்க்குள்ளேயே சூடு இருக்கிறது. அதற்கு வானத்தின் மதிப்பைக் குறைக்கக் கூடாது. மொட்டைமாடித் தளம் பகல் வெயிலை இரவு வெகுநேரம் கக்கும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலாகப் பார்ப்பதும் வீண்.

தெளிவை அளக்க வடக்கே தொலைவிலுள்ள நாடுகளின் வழிகாட்டிகள் துருவ விண்மீன் வட்டாரத்தைச் சொல்கின்றன. நமக்கு அது அடிவானத்திலிருந்து 13 பாகைதான், மங்கலில் மறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் கிட்டத்தட்ட உச்சிக்கே வரும் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எண்ணுங்கள். ஆறு மீன்களும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால் கண்ணுக்கு எட்டும் எல்லை சுமார் 4.3 பொலிவெண் (விண்மீனின் ஒளியைச் சொல்லும் எண்; எண் கூடினால் ஒளி மங்கல்). கண்ணாடி அணிபவர்கள் அணிந்தே எண்ண வேண்டும். இந்தப் பொலிவெண் கணக்குக்கு 1856-ல் வரையறை தந்த வானியலாளர் போக்சன், 1861 முதல் நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வகத்தை நடத்தியவர். சென்னைக்காரர்கள் இதைக் கையாளத் தயங்கக் கூடாது.

வான் நிகழ்வுச் செய்திகளில், கோள் 45 பாகைக்கு மேல் ஏறும் நேரத்தையும் தாங்கள் சேர்த்து வெளியிட வேண்டும். 30 பாகையில் பார்ப்பவர், உச்சியில் பார்ப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றின் வழியே பார்க்கிறார். கருவி எவ்வளவு நல்லதானாலும் அதை ஈடுகட்ட முடியாது.

வாசகர், சென்னை