ஸ்கேன் செய்தால் போதுமா? பெயரும் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கறையான் அரிக்கக் கிடந்த விழா மலர்களையும் கூட்ட அறிக்கைகளையும் ஸ்கேன் செய்து காப்பாற்றும் திருகோணமலை வாசிகசாலைகளுக்கும் ஆலய சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்கேனர் கொடுத்த 'ஸ்கேன்0001' என்ற பெயரோடு அவற்றை விட்டுவிடாதீர்கள். பத்திரகாளி அம்மன் தேர்த் திருவிழாப் படம் எது, பொதுக்கூட்ட அறிக்கை எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தால், பட்ட பாடு பாதி வீண்.

எல்லாக் கோப்புகளுக்கும் மொத்தமாகப் பெயர் மாற்றக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. வின்டோஸ் நோட்பேடில் ஏழெட்டு வரி கட்டளைகளை எழுதி 'பேட்' (.bat) என்ற பின்னொட்டுடன் சேமித்தால் போதும்; அந்தக் கோப்பைத் திறந்தால் கட்டளைகள் வரிசையாக ஓடும். 'எல்லாக் கோப்புகளும்' என்ற வகையைத் தெரிவு செய்தே சேமியுங்கள்; இல்லாவிட்டால் 'டீஎக்ஸ்டீ' (.txt) பின்னால் ஒட்டிக்கொள்ளும், ஓடாது.

பலரும் முதலில் எடுப்பது பெயர் மாற்றும் 'ரென்' (ren) கட்டளையும், 'எதுவானாலும்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறியும் (*). அது சொற்களை மாற்றுவதில்லை, எழுத்துகளை இடம் பார்த்து மாற்றுகிறது. நான்கு ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பழைய பெயருக்கு எட்டெழுத்துப் புதுச்சொல்லைக் கொடுத்தால், இலக்கங்கள் நான்கும் அழிந்துவிடும். முதற் கோப்பு மாறும். இரண்டாவதற்கும் அதே பெயர் வருவதால் பிழைச் செய்தி வந்து நிற்கும்.

ஆகவே கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அதே வேலையைச் செய்யும் 'ஃபோர்' (for) சுற்றுத்தான் சரி. அதை '/எஃப்' (/f) சேர்த்து, 'டிர் /பி /ஓஎன்' (dir /b /on) தரும் பெயர்வரிசைப் பட்டியலின் மீது ஓட விடுங்கள். பட்டியல் முழுவதும் முதலிலேயே எடுக்கப்படுவதால், பெயர் மாறிய கோப்பு மறுபடி சுற்றுக்குள் வராது. பெயரை எங்கே பிரிப்பது என்று சொல்லும் 'டெலிம்ஸ்=' (delims=) என்பதை வெறுமையாக விடாவிட்டால் இடைவெளி உள்ள பெயர் முதற் சொல்லோடு வெட்டுப்படும். புதுப்பெயர், பழைய பெயர் இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பேட் கோப்புக்குள், ஒவ்வொரு கோப்பின் பெயரையும் ஏந்தும் சுற்றின் மாறிக்கு முன்னால் %% என இரண்டு குறி வேண்டும்.

எண்ணிடும்போதுதான் அதிகம் பிழைக்கும். சுற்றுக்குள் கூடும் எண்ணின் மாறியை ஆச்சரியக்குறிகளுக்குள் எழுதி, அதன் மதிப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக வாசிக்கும் தாமத விரிவாக்கத்தை (delayed expansion) இயக்க வேண்டும். இல்லையேல் எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான் வரும். (அதை இயக்கினால் பழைய பெயரில் உள்ள ஆச்சரியக்குறி காணாமற் போகும், கவனம்.) 001, 002 என்று வரவேண்டுமென நேரே பூச்சியத்துடன் கூட்டத் தொடங்கினால் 008இல் கணக்கு நின்றுவிடும். பூச்சியத்தில் தொடங்கும் எண்ணைக் கணினி எண்ம எண்ணாக, அதாவது 0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டுமே கொண்ட முறையில், எடுக்கிறது; அதில் 8 இல்லை. 1000இலிருந்து கூட்டிக் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் எடுங்கள்; 999 கோப்புகள் வரை தடையில்லை.

திகதியை 1987-04-12 என்ற ஒழுங்கில் எழுதினால் தானாக வரிசைப்படும். சாய்கோட்டைப் பெயரில் வின்டோஸ் ஏற்காது. தமிழில் பெயர் வைப்போர் பேட் கோப்பைத் தமிழ் எழுத்துகளை ஏற்கும் யூடிஎஃப்-8 (UTF-8) குறியீட்டில் சேமித்து, தொடக்கத்தில் 'சிஎச்சிபி 65001' (chcp 65001) என எழுத வேண்டும்.

கட்டளைவரியில் செய்த மாற்றத்தை ஒரு விசையை அழுத்தித் திரும்பப் பெற முடியாது. எனவே பிரதி ஒன்றை வேறு பென்டிரைவில் எடுத்துவிட்டு, 'ரென்' முன்னால் 'எக்கோ' (echo) போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். பெயர்கள் திரையில் மட்டும் வரும். நூறு வரியானாலும் கண்ணால் பாருங்கள். அதே வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, படங்களுடனேயே வைத்துவிடுங்கள். பழைய பெயரைத் தேடி வருபவருக்கு அந்தப் பட்டியல் மட்டுமே துணை.

கணினி ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.