கழட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்குவது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கமுங்க. முழுப்பரீட்சை லீவு விட்டதும் கோவையில் நம்ம கடைக்கு வருகிறவர்கள் பலர் சொல்வது இதுதான்: "எங்க பாப்பா மிக்ஸியக்கூட விட்டுவைக்கறதில்லீங்க, கழட்டிப் போட்டர்றா. அவளுக்கு ஏத்த மாதிரி ஒரு புத்தகம் குடுங்க." கூடவே வயசையும் சொல்வீர்கள். நாங்களோ, கழட்டியதைத் திரும்ப மாட்டினாளா என்றுதான் கேட்போம். பிரித்துப் பார்ப்பதோடு சரி என்றால் பெரிய படங்கள் உள்ள புத்தகம் போதும். மாட்டவும் தெரிந்தவள் என்றால், எழுத்து கொஞ்சம் கடினமாக இருந்தாலும் விடமாட்டாள்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் சைக்கிள் பக்கத்தைப் புரட்டுங்கள். பளபளவென்று படம் போட்டு, பாகங்களின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிடலாம். பெடல் பக்கம் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று போய்விடும். இந்தக் கணக்கு அதில் இருக்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் ஃப்ரீவீலில் 'டிக் டிக்' என்று கேட்கிறதே, உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகள் பல்லின் மேல் வழுக்கிப் போகிற சத்தம் அது. அதைக் குறுக்குவெட்டாக வரைந்து காட்டியிருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

நம்ம ஊர்க்காரர் என்பதால் கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்காதவர் குறைவு. வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உழைப்பு, விடாமுயற்சி என்றே பேசிக்கொண்டு போனால் இந்தப் பிள்ளைகள் பாதியில் மூடிவிடுகிறார்கள். 1937-ல் அவரும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து இங்கே உருவாக்கிய மின்மோட்டாருக்குள் என்ன சுற்றியது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எட்டாம் வகுப்பு தாண்டியவர்களுக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பது தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) படிக்கிற ஃபிட்டர் பாடநூல். சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் 'நிமி' நிறுவனம் அதைத் தமிழிலும் போடுகிறது. பரிசுப் புத்தகம் போல இருக்காது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அரம் பிடிக்கிற விதம், வெர்னியரில் அளவு பார்ப்பது, டிரில் முனையின் கோணம் எல்லாம் கோட்டுப்படமாகவே இருக்கும். கோவை கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கிறவர்கள் தங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போவது உண்டு.

மின்சாரப் பரிசோதனைப் புத்தகம் என்றால் 1.5 வோல்ட் செல்லோடு நிற்கிறதா என்று பாருங்கள். வீட்டு 230 வோல்ட் கரண்டில் கைவைக்கச் சொல்லும் எதையும் நாங்கள் அடுக்குவதில்லை. பழைய பம்ப்செட் மோட்டாரைப் பிள்ளையிடம் கொடுக்கிற அப்பாக்களுக்கும் ஒன்று: வயரைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். எலக்ட்ரீசியனை வைத்து அதை எடுத்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.

வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க. இந்த அலமாரியில் எதற்கும் பிளாஸ்டிக் உறை கிடையாது, உட்கார்ந்து புரட்டட்டும். விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாத தையல் பைண்டிங்காகப் பார்த்து எடுங்கள். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் திருப்புளி இருக்குமே! பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். கிரீஸ் பட்டதை மட்டும் திரும்ப எடுக்கமாட்டோமுங்க.

இப்படிக்கு,
உங்கள் புத்தகக் கடை