தக்காளி விலை சரியும்போதும் அரசு தலையிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யப்படுகிறது. சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் கிடைக்கிறது. பாத்தி மண்ணை மூடும் நிலப்போர்வைத் தாளுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் உதவி உண்டு. இவற்றால் விளைச்சல் கூடியிருப்பதை உடுமலைப் பகுதியில் தக்காளி பயிரிடும் என் போன்றவர்கள் மறுக்க மாட்டோம். ஆனால், விளைந்ததை விற்கும் இடத்தில் மட்டும் விவசாயி தனியாக விடப்படுகிறார்.

நாற்று, உரம், மருந்து, குச்சி நட்டுக் கட்டும் கூலி எனப் பெரும்பகுதிச் செலவு முதல் பறிப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதன்பின் 14 கிலோ பெட்டி மண்டியில் 700 ரூபாய்க்கு ஏலம் போனாலும் 70 ரூபாய்க்குப் போனாலும் பறிப்புக் கூலி, வண்டி வாடகை, இறக்குக்கூலி ஆகியவை மாறுவதில்லை. விலையோடு சேர்ந்து குறைவது கமிஷன் ஒன்றுதான். ஆகவே விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், பறிக்காமல் விடுவதைவிடப் பறித்து அனுப்புவதில்தான் நஷ்டம் அதிகம். பழம் தொங்கும் செடியை மனம் பதைக்க உழுதுவிடுவதும், தோட்டத்தில் மாடுகளை மேயவிடுவதும் இந்தக் கணக்கினால்தான்.

2023 ஜூலையில் சில்லறை விலை 100 ரூபாயைத் தாண்டியபோது, மாநில அரசு நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அடுத்த மாதம் மத்திய அரசு நேபாளத்திலிருந்து இறக்குமதியே செய்தது. நுகர்வோரைக் காத்தது சரியான செயல். ஆனால், அதே ஆண்டிலேயே விலை தரைமட்டத்துக்கு வந்தபோது அந்த வேகத்தில் பாதிகூட யாரும் காட்டவில்லை. நுகர்வோர் தக்காளிக்குத் தரும் ஒரு ரூபாயில் ஏறத்தாழ 33 பைசாதான் விவசாயிக்குச் சேர்கிறது என்று ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது.

விலை ஏறிய பருவத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் நடுவதால்தான் வரத்து குவிகிறது என்பது உண்மையே. அதற்கு விவசாயியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பக்கத்து வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் நடவாகியிருக்கிறது என்பதை அவர் எப்படி அறிவார்? இன்று பெரும்பாலானோர் குழித்தட்டு நாற்றுகளைப் பண்ணைகளில் விலைக்கு வாங்கியே நடுகிறோம். நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். நாற்றுப் பண்ணைகளின் விற்பனைக் கணக்கை வாரந்தோறும் திரட்டி வட்டார வாரியாகத் தோட்டக்கலைத் துறை வெளியிட்டாலே, வரப்போகும் வரத்து முன்கூட்டியே தெரிந்துவிடும். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை.

அத்துடன், கேரள அரசு 2020 அக்டோபரில் 16 வகைக் காய், கனி, கிழங்குகளுக்கு உற்பத்திச் செலவைவிட 20 சதவீதம் கூடுதலாக அடிப்படை விலை அறிவித்தது. தக்காளிக்கு அன்று கிலோ 8 ரூபாய். தொகை சிறியதுதான். ஆயினும் அதற்குக் கீழே போனால் அரசு வாங்கும் என்ற உறுதி இருந்தால், செடியை உழுவதா பறிப்பதா என்ற கேள்வி எழாது. கேரளத்தைவிடப் பல மடங்கு காய்கறி விளைவிக்கும் தமிழ்நாடு, முதற்கட்டமாகத் தக்காளிக்கும் சின்ன வெங்காயத்துக்குமாவது இத்தகைய விலையை வரும் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தக்காளி விவசாயி ஒருவர்,
உடுமலைப்பேட்டை வட்டம், திருப்பூர் மாவட்டம்.