மூன்றாம் வாரத்து 58

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்பதை ரத்தத்தில் உள்ள குறியீடுகளை வைத்துக் கணிக்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். உள்ளே இருந்த விஷயம் பெரும்பாலும் சரிதான். தலைப்புதான் ஏடு பார்த்து ஆயுள் சொல்கிற தோரணையில் இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தூக்கம் போயிற்று.

நான் பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சேரன்மகாதேவியில் இருக்கும் என் அண்ணனுக்கு நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி. அதிலிருந்து கல்லீரலில் கட்டி வந்து, மதுரைக்குப் போய் எடுத்தோம். இந்தக் கட்டி ரத்தத்தில் விடும் ஏ.எஃப்.பி. என்ற புரதம் அறுவைக்கு முன் 620. மூன்றாம் வாரம் ஒரு லேபில் கொடுத்துப் பார்த்ததில் 58. பத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஓரத்தில் போட்டு, 58-ஐத் தடித்த எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வைத்திருந்தார்கள். என்ன ஏது என்று கேட்டதற்கு, டாக்டரிடம் காட்டுங்கள் என்பதோடு சரி. மைனி அந்தத் தாளை ஒரு கையிலும் உங்கள் இதழை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டார்கள். “தம்பி, இதுல உங்க அண்ணனுக்கு எத்தன வருசம்னு போட்டிருக்காவ?”

பேனாவை எடுத்து எழுதச் சொன்னேன். கட்டியை முழுசாக எடுத்துவிட்டால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஏ.எஃப்.பி. ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். 620, 310, 155, 78, 39. மூன்றாம் வாரம் 58 என்றால் இறங்க வேண்டிய கணக்கில்தான் இறங்குகிறது. இரண்டு மாதம் கழித்து 6 வந்தது. இறங்காமல் நின்றாலோ, இறங்கிய பிறகு ஏறினாலோதான் டாக்டரிடம் ஓட வேண்டும். தனியாக நிற்கிற ஒரு எண்ணுக்கு அவ்வளவு பேசத் தெரியாது. இன்னொன்று, லேபுக்கு லேப் முறை மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும். ஒரே இடத்தில் எடுப்பது நல்லது. இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏ.எஃப்.பி. ஏறுவதே இல்லை என்பதையும் நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கட்டுரையில் எனக்குப் பிடித்தது நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்களின் விகிதம் பற்றிய பகுதி. மெஷின் வருவதற்கு முன் லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடை வைத்துக்கொண்டு நூறு வெள்ளையணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம். நகக்கண்ணெல்லாம் ஊதா. பி 60, எல் 35, இ 5 என்று ஆயிரக்கணக்கான சீட்டில் எழுதியிருப்பேன். பி என்பது நியூட்ரோஃபில், எல் என்பது லிம்ஃபோசைட், இ இன்னொரு வகை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த வகுத்தலில் சேதி இருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். விகிதம் கூடினால் உடம்பில் அழற்சி கூடுதல், நோயை எதிர்க்கும் அணுக்கள் குறைவு என்று அர்த்தம். சரி. ஆனால் ஒரு சளிக் காய்ச்சலிலும், பல் சீழ் பிடித்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை போட்டாலும் இதே விகிதம் எகிறும். எல்லை எது என்பதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் 2, இன்னொன்றில் 3, வேறொன்றில் 5. பெரும்பாலும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் பழைய ஃபைல்களைப் புரட்டி எடுத்த கணக்குகள் இவை.

நம் பக்கத்தில் மஞ்சள்காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்போம். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் அது ஹெபடைட்டிஸ் பி கிருமியையே விரட்டுவதாக லான்செட் இதழில் எழுதியபோது எங்கள் லேபில் அதே பேச்சு. அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதிலிருந்து முதல் ஆய்வைப் படித்தவுடன் குதிப்பதை விட்டுவிட்டேன்.

மைனியிடம் அன்றைக்கே பயாப்சி ரிப்போர்ட்டையும் வாசிக்கச் சொன்னேன். கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, மிச்சக் கல்லீரல் சுருங்கிப் போயிருக்கிறதா. இவற்றுக்குத்தான் எடை அதிகம். மிச்சக் கல்லீரலின் தெம்பை அல்புமின், பிலிருபின் இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறை ஒன்றும் 2015 முதல் இருக்கிறது. இரண்டுமே சாதாரண லிவர் டெஸ்டில் வருபவை.

நோய் இந்த அறுவைக்குப் பிறகு ஐந்து வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வருகிறது. மறைத்துப் பயனில்லை. ஆனால் இந்த எண்களெல்லாம் சேர்ந்து டாக்டருக்குச் சொல்வது, இன்னாருக்குத் திரும்பி வர வாய்ப்பு அதிகம், இவரை அடிக்கடி கூப்பிட்டு ஸ்கேன் பார் என்பது. சீக்கிரம் கண்டால் மறுபடி எடுக்கவோ ஊசி வழியாகச் சுட்டுப் பொசுக்கவோ வழி உண்டு. ஹெபடைட்டிஸ் பி மாத்திரையை விடாமல் போட்டால் திரும்பும் வாய்ப்பும் குறைகிறது. இந்தப் பகுதி உங்கள் கட்டுரையில் கடைசிப் பத்தியில் இரண்டே வரி. அடுத்த முறை அதைத் தலைப்புக்குக் கொண்டுவாருங்கள்.

அண்ணனுக்கு அடுத்த பரிசோதனை மாசிக் கடைசியில். கன்னடியன் கால்வாய் வயலில் பிசான நெல் அறுப்பு முடியட்டும், அப்புறம் போகலாம் என்கிறார். மைனி விடுவதாக இல்லை. காலண்டர் அட்டையின் பின்னால் 620, 58, 6 என்று எழுதி, அதற்குக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை.