துருசுத் திறப்பு யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியில் ஒரு வரி: 'குளங்களின் நீரேந்துப் பிரதேசம் அழிவதற்கு விவசாயிகளின் அக்கறையின்மையே காரணம்.' கூட்டமொன்றில் அதிகாரி ஒருவர் சொன்னாராம். ஒரு கமக்காரனிடமாவது கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். இருபது வருட வாசகன் நான், மனம் நொந்துபோனது.

போன ஆவணியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு எங்கள் குளத்து அலைகரைக்கு மேலே, குளத்துக்கு மழைநீர் வந்து சேரும் காட்டுப்பக்கம் டிரக்டர் சத்தம். டோர்ச்சோடு போனேன். இரண்டு பெட்டி கிரவல் ஏற்றியாகிவிட்டது. பாலை மரமொன்று வேர் தெரியச் சரிந்து கிடந்தது. அங்கே நின்றே குளப் பாதுகாப்புக் குழுத் தலைவருக்கு போன் எடுத்தேன். "அது செயலாளர் பார்க்கிற வேலை தம்பி" என்றார். செயலாளர், தலைவர் கடிதம் தந்தால்தான் அறிவிக்கலாம் என்றார். விடிந்து அலுவலகத்துக்குப் போனால், காடு எங்களுடையதல்ல, குளம்தான் எங்களுடையது என்றார்கள். ஐப்பசி முதல் மழைக்கு அந்தக் குழியால் செம்மண் கரைந்து குளத்துக்குள் ஓடியதைக் குளக்கட்டில் நின்று பார்த்தேன். அக்கறையில்லாதவனா நான்?

அந்தக் குழு ஒரு திட்டத்தோடு வந்தது. தொப்பியும் டீசேர்ட்டும் தந்தார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவானார்கள். யாருக்கு என்ன வேலை என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி இல்லை. மாடு வைத்திருப்பவர்கள், குளத்தில் மீன் பிடிப்பவர்கள், நாளும் அங்கே புழங்கும் பெண்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. காட்டுக்குள் நடப்பதை முதலில் காண்பவர்கள் அவர்கள்தான்.

என் அப்பப்பா வட்டவிதானையாக, அதாவது ஊரின் வயல் நீர் வேலைகளுக்குப் பொறுப்பானவராக, இருந்தவர். வயலுக்குத் தண்ணீர் விடும் மதகான துருசைத் திறப்பதென்றாலும் வாய்க்கால் வெட்டுவதென்றாலும் எந்தப் படலையைத் தட்டுவதென்று ஊருக்குத் தெரியும். 1958 நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. இப்போது 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமக்காரர் அமைப்பு. அதற்கு மேல் இந்தக் குழு. தாங்கள் அறியாததல்ல. பழைய முறையில் குறை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பு ஒருவரிடம் இருந்தது.

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளம் உடைத்ததை, குளத்துக்குக் கீழே குடியிருக்கிற எவரும் மறக்க மாட்டார்கள். எங்களைப் பார்த்தா அக்கறையில்லை என்பது?

தயவுசெய்து இந்தக் கடிதத்தையும் அந்தச் செய்தி வந்த பக்கத்திலேயே போடுங்கள். இன்னொன்று: ஒவ்வொரு குளக்கட்டிலும் ஒரு பலகை வைக்கும்படி உரியவர்களுக்கு எழுதுங்கள். துருசுத் திறப்பு (சாவி) யாரிடம், காட்டுப்பக்கம் பார்ப்பவர் யார், இரவில் யாருக்குச் சொல்வது. பெயரும் போன் நம்பரும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்,
தம்பலகாமம், திருகோணமலை.